பத்தில் ஒரு புட்டி

"ஏழு ரூவா!"

"ஏழரை!"

"ஒரு புட்டி சீமெண்ணெய்க்கு ஏழரையா? ஏலே, ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கத்தியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் வளாகத்தில் அறுப்பின் பண்டிகை; சபையார் கொண்டுவந்த காணிக்கைப் பொருள்களின் ஏலம். பூசணிக்காய், சேவல், கருப்பட்டி எல்லாம் மரியாதையாகத்தான் விலை போயின. உபதேசியார் வேதமணி அந்தப் புட்டியைத் தூக்கிக் காட்டியதும்தான் வினை தொடங்கியது.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த நாளிலிருந்து ஊரில் சீமெண்ணெய்க்கு அப்படியொரு பஞ்சம். சர்க்கார் விலை ஒன்று, கடை விலை ஒன்று, கடைக்குப் பின்வாசல் விலை ஒன்று.

"கார்டை நீட்டினா கையை விரிக்காக. ஏன்னு கேட்டா மேல கையைக் காட்டுதாக. சண்டை போடுறது சீமைக்காரன், இருட்டுல சோறு திங்கிறது நாமளா?" என்றாள் முறுக்கு விற்க வந்திருந்த இசக்கியம்மாள். அவளுக்கு வேதமும் தெரியும், ஊர் வம்பும் தெரியும். அடுத்ததையும் அவளே கேட்டாள்.

"இங்க காணிக்கைன்னா பத்தில ஒண்ணுதானே? ஒண்ணு இங்க வந்திருக்கு. மீதி ஒம்பது எந்த வீட்டுல இருக்கு, உபதேசியாரே?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் தேவஇரக்கம்.

அந்த ஊரில் சீமெண்ணெய்க்கு லைசென்ஸ் வாங்கிய கடை அவருடையது. 'ஸ்டாக் இல்லை' என்ற பலகையை அவர் மாட்டிப் பல மாதம் ஆகிறது; கழற்றவே இல்லை. எண்ணெய் இருந்தது அவர் வீட்டுத் தொழுவத்தில். மாட்டுக்கு வாங்கிய பருத்திக்கொட்டை மூட்டைக்குள், புட்டி புட்டியாக.

அது அவருக்கும் மனைவி அன்னத்தாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

அன்னத்தாய்தான் அவருடைய பயமே. ஆண்டவருக்குப் பத்தில் ஒன்று என்றால் அவளுக்குப் பத்தில் ஒன்றேதான். பத்து முருங்கைக்காய் காய்த்தால் ஒன்று கோயிலுக்கு. கோழி பத்து முட்டையிட்டால் ஒன்று கோயிலுக்கு. களவு எண்ணெய்க்கு மட்டும் அவள் விதிவிலக்கு வைப்பாளா?

புட்டியின் வாயில் கந்தல் துணி சுற்றிய தக்கை. அன்னத்தாய் அப்படித்தான் மூடுவாள்.

கேட்டுவிடலாம் என்றால் அவள் பெண்கள் பக்கம், நாலு வரிசைக்கு அப்பால், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். காணிக்கையில் பேர் எழுதும் வழக்கமும் இல்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாதாம். தெரியாமலே ஜெயிலுக்குப் போகவேண்டியதுதான்.

புட்டியை எப்படியாவது தாமே எடுத்துவிடத்தான் தேவஇரக்கம் ஏழு ரூபாய் கேட்டார். எதிர்த்து ஏழரை கேட்டவர் யார் தெரியுமா? கன்ட்ரோல் இன்ஸ்பெக்டர் சத்தியநேசன். பதுக்கியவனைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்கென்றே சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மனிதர்.

புட்டியை எடுத்துப் போவான், தக்கையைப் பார்ப்பான், துணியைப் பார்ப்பான், நேரே தொழுவத்துக்கு வருவான். பெரிய மகள் ராஜமணிக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிற நேரம். விலங்கு போட்டவன் மகளை எவன் கட்டுவான்?

"எட்டு!" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"ஒம்பது!" இன்ஸ்பெக்டரும் விடுவதாயில்லை.

"பத்து! பத்து ரூவா!"

சத்தியநேசன் எழுந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே தேவஇரக்கத்திடம் வந்தார். தோளில் கை வைத்தார்.

தேவஇரக்கத்துக்கு மதுரை ஜெயில் களியின் வாசனையே அடித்தது என்று பின்னால் சொன்னாராம்.

இன்ஸ்பெக்டரின் கை சில்லென்று நனைந்திருந்தது. காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, நீங்களே எடுத்துக்கிடுங்க. நீங்க கேட்டதை நான் வெளிய சொல்லல. நான் கேட்டதை நீங்களும் சொல்லிராதிய."

ஒன்றும் புரியாமலே தேவஇரக்கம் தலையாட்டினார். அந்த நேரத்தில் எதற்கு வேண்டுமானாலும் ஆட்டியிருப்பார்.

புட்டியை வேட்டி மடிப்பில் மறைத்து வீட்டுத் தொழுவத்துக்கே கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார்.

அன்னத்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது யார் வீட்டுப் புட்டி? நம்ம மூட்டையில இன்னும் ஒம்பதுதானே இருக்கு. பத்தாவது வரட்டும், கோயிலுக்குக் கொண்டு போவோம்னுல்லா இருந்தேன்."

தேவஇரக்கம் அப்படியே பருத்திக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்தார். தோளில் இன்னும் அந்தக் கையின் ஈரம் இருந்தது. கந்தல் துணி சுற்றித் தக்கை அடைக்காத பெண்பிள்ளை இந்த ஊரில் யார் என்று அப்போதுதான் யோசித்தார்.

இன்ஸ்பெக்டர் பெண்சாதி ஏசம்மாளும் பத்தில் ஒன்று என்ற தசமபாகத்தில் ரொம்பக் கறாரானவள் என்பது தெருவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் இரண்டு வீடும் சம்பந்தி வீடாகியிருந்தது.

ஈஸ்டர் கழிந்து ராஜமணிக்கும் இன்ஸ்பெக்டரின் தம்பி ராபர்ட்டுக்கும் கல்யாணம். ஊரே இருட்டில் கிடக்க, பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் விடிய விடிய எரிந்தன. இசக்கியம்மாள் வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டு, விளக்குகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாதது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் பெண்ணை ராஜபாளையத்துக்கு அனுப்பினார்கள். சீர்வரிசையோடு இரண்டு பருத்திக்கொட்டை மூட்டைகளும் வண்டியேறின.

மாப்பிள்ளை வீட்டில் மாடு கிடையாது.