பதினெட்டாம் மைல்

“இடதுபக்கம் வர்றேன்!” என்று பின்னாலிருந்து சைக்கிள்காரர் குரல் கொடுத்ததும் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த லொரெட்டா ஒதுங்கி, “நன்றி!” என்று கத்தினாள்.

வழியில் சேர்ந்துகொண்ட வெர்னா சிரித்தாள். “போறவங்களுக்கெல்லாம் நன்றியா? இந்த ஃப்ளோரிடா வெயில்ல தொண்டை வத்திடும்மா.”

லொரெட்டா மூன்று நாளாக நடக்கிறாள், பதினெட்டாம் மைல்கல்லில் சொல்லவேண்டிய ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி.

மைல்கல்லருகே வெள்ளைச் சிலுவை. வெர்னா அதன் கீழே பூ வைத்தாள்.

“இங்கதான் என் வீட்டுக்காரர் போனாரு. பின்னால வந்து இடிச்ச சைக்கிள் குரலும் குடுக்கல, நிக்கவும் இல்ல.”

லொரெட்டா சிலுவைமுன் மண்டியிட்டாள். வெர்னா அவளை நிழலில் உட்காரவைத்துத் தன் தண்ணீரை நீட்டினாள்.

“நீயும் யாரையோ பறிகொடுத்திருக்கே. சொல்லும்மா.”

லொரெட்டா தண்ணீரை வாங்கவில்லை.

“அன்னிக்குக் குரல் குடுக்காம வந்தது நான்தாங்க.”