குமிழ் உடைத்தது யார்?

“இந்த மாசத்துல எத்தனாவது வாட்டி! போய்ச் சேர்ந்த கண்ணாடிக் கோப்பையெல்லாம் சுக்குநூறு. சுத்தின பபுள் ராப் பிளாஸ்டிக் தாள்ல ஒரு குமிழ்லகூட காத்து இல்லையாம். இனிமே இப்படி நடந்தா நீ வேற வேலை பாத்துக்க!” கடை முதலாளியம்மா பொரிந்து தள்ளினாள்.

பார்சல் கட்டுபவன் தலையைச் சொறிந்தான். “சத்தியமா நான் உடைக்கலம்மா. வேணும்னா இங்க ஒரு கேமரா வெச்சிருங்க.”

“கேமராவா? அதெல்லாம் எதுக்கு?” அவள் குரல் சட்டென்று இறங்கியது.

“அப்ப பபுள் ராப் ரோலை உங்க ரூம்லயே வெச்சுக்குங்க. வேணும்கிறப்ப வந்து வாங்கிக்கறேன். அப்புறம் குமிழ் உடைஞ்சா என்மேல பழி வராது பாருங்க.”

மறுக்க வழியில்லை. சுருளை அவள் அறை மூலையில் நிறுத்திவிட்டு அவன் வெளியே போனான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் வேலையில் மூழ்கப் பார்த்தாள். கண் மட்டும் மூலைக்கே ஓடியது. ஒன்றே ஒன்றுதானே என்று எழுந்துபோய் விரலை வைத்து அழுத்தினாள்.

டப்! அடடா, என்ன சுகம்!

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அம்மா, ரோலைத் தொடாதீங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு துண்டு வெட்டி மேசை டிராயர்ல வெச்சிருக்கேன்.”