ஜன்னலோர டிரையர்

ஆசை ஆசையாக அலங்கரித்து வைத்த பியூட்டி பார்லரின் முன் ஜன்னலில், தலை நிறைய முடி சுருட்டுகிற ரோலரோடு ஒரு அம்மா தினமும் வந்து உட்கார்ந்துகொண்டால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

ரெனீட்டாவுக்கு வந்தது.

பின்னே, சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டல்லவா கடையை மாற்றியிருந்தாள். சுவருக்குப் பீச் பழ நிறம், கண்ணாடிகளுக்குத் தங்கநிற விளிம்பு, ஜன்னலோரம் பச்சை வெல்வெட் சோபா. எல்லாம் சித்தி மகள் ஜோனெல் போட்டுக் கொடுத்த திட்டம். மெம்பிஸ் நகரத்தில் தெருவுக்கு நாலு பார்லர். இந்தக் கோடை முடிவதற்குள் ஆள் சேரவில்லை என்றால் கடையை மூடிவிட்டு, மாலில் இருக்கிற பெரிய பார்லரில் போய்ச் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆள் சேர்க்க ஜோனெல் கார்டு வேறு அடித்துக் கொடுத்திருந்தாள். ‘சுருள் ஒரு வாரத்துக்குள் கலைந்தால் மறுபடி இலவசமாகச் சுருட்டித் தருவோம்.’

அந்தக் கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ஒரே ஒருத்தர்தான். மிஸ் வெர்னெல். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். புதன்கிழமை காசு கொடுத்துச் சுருட்டிக்கொண்டு போவார். வியாழன் காலையிலேயே வந்து நிற்பார்.

“இடது பக்கம் தொங்கிப்போச்சு, கண்ணு. ரோலர் போடு.”

வெள்ளிக்கிழமை, “ராத்திரி தலையில பட்டுத்துணி கட்டாமத் தூங்கிட்டேன், சுருளெல்லாம் கலைஞ்சுபோச்சு” என்பார்.

தொங்கினதாகவும் தெரியாது, கலைந்ததாகவும் தெரியாது. என்ன செய்வது, கார்டில் எழுதியாயிற்று. ரெனீட்டா ரோலர் சுற்றி, தலைக்கு மேல் கவிழ்க்கிற டிரையருக்கு அடியில் உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போவாள். பின்னால் புது டிரையர் இருந்தும் அவருக்கு ஜன்னலோரம் நிற்கிற பழசுதான் வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையை ஆட்டுவார்.

அன்று சனிக்கிழமை. விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஜோனெல் வந்தாள். வந்ததும் ஜன்னலைப் பார்த்தாள்.

“என்ன, இவங்க இங்கேயே குடி வந்துட்டாங்களா? வாடகை வாங்கறியா, அதுவும் இலவசமா?”

“மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது.”

“இந்தப் பாட்டுச் சத்தத்துல என்ன விழும்? ஜன்னல்தான் கடைக்கு முகம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீ முகத்துல கொண்டுபோய் ரோலரை மாட்டி வச்சிருக்கே.”

“கார்டுல நாமதானே எழுதினோம்?”

“எழுதினா? மனுஷிக்குக் கூச்சம்னு ஒண்ணு வேண்டாமா? பின்னாடி அனுப்பு. இல்லேன்னா நானே சொல்றேன்.”

ரெனீட்டா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

“மிஸ் வெர்னெல், படம் எடுக்கணுமாம். கொஞ்சம் பின்னாடி வந்து உட்காருறீங்களா? அங்கே சீக்கிரம் காயும்.”

“எனக்கென்ன அவசரம், கண்ணு? பின்னாடி எனக்கு மூச்சு முட்டும்.”

“கொஞ்ச நேரந்தான்.”

“உன் தங்கச்சியை என்னையும் சேர்த்தே எடுக்கச் சொல்லு. என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?”

ஜோனெல் கண்ணை உருட்டினாள். ரெனீட்டாவுக்கும் பொறுமை போய்விட்டது. மனசு கோணினாலும் சரி, இனிமேல் இலவசமெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

கதவு மணி அடித்தது. நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், இரண்டு மகள்களோடு நின்றாள்.

“முன்கூட்டி சொல்லாம வந்துட்டோம். மூணு பேருக்கும் முடி பண்ணிவிட முடியுமா?”

“தாராளமா, உட்காருங்க” என்று ஜோனெல் முந்திக்கொண்டாள். “இன்ஸ்டாகிராம்ல பார்த்துட்டு வந்தீங்களா? சோபா பிடிச்சிருந்ததா?”

அந்தப் பெண் சோபாவை அப்போதுதான் பார்த்தாள்.

“இல்லைங்க. நான் எதிர்ல பஸ்ஸுக்கு நிப்பேன். எப்பப் பார்த்தாலும் அந்தம்மா இங்கே உட்கார்ந்து கையாட்டுவாங்க. இத்தனை பார்லர்ல இங்கே மட்டும் எந்நேரமும் ஆள் இருக்கே, நல்லா செய்வாங்க போலன்னு வந்தேன். எங்க ஆஸ்பத்திரியில இன்னும் சில பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க. நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்னேன்.”

ஜோனெல் கேமராவைக் கீழே வைத்தாள்.

ரெனீட்டாவுக்கு மிஸ் வெர்னெலின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. முடி காய்ந்ததா என்று பார்க்கிற சாக்கில் டிரையருக்குள் கையை விட்டாள். சில்லென்று இருந்தது.

“அடடா, இது ஓடவே இல்லையே. இருங்க, போடறேன்.”

சுவிட்சுக்குப் போன கையை மிஸ் வெர்னெல் எட்டிப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“போடாதே, கண்ணு. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் தினமும் நான்தான் அணைக்கிறேன். நீ போட்ட சுருள் எங்கே கலையும்? புதன்கிழமை போட்டது அப்படியே நிக்குது. காலியாக் கிடக்கிற கடைக்குள்ள யாரும் காலெடுத்து வைக்க மாட்டாங்க. அதான் உட்கார்ந்திருக்கேன்.”

“எனக்காகவா?”

“என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின அன்னைக்குக் கடையை மூடிட்டு வீட்டுக்கே வந்து எனக்குத் தலை சீவிவிட்டே. நீ மறந்திருப்பே.”

மறந்துதான் போயிருந்தாள். ரெனீட்டா குனிந்து அவரைக் கட்டிக்கொண்டாள். ரோலர் கன்னத்தில் குத்தியது.

“போதும், விடு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடப்போறாங்க. முதல்ல போய் அந்தப் பிள்ளைங்களைக் கவனி, தாயி.”