காளைக் கணக்கு

நூற்றுக்கு நாலு விந்தணுதான் ஒழுங்கான வடிவத்தில் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது முருகையன் ஆச்சரியப்படவில்லை.

அவனுடைய பிழைப்பே அதுதான். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பொலிகாளைப் பண்ணை. காளையின் விந்தை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் இட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலை கோணியது, வால் சுருண்டது என்று எண்ணிக் கழிக்க வேண்டும். நூற்றுக்கு எழுபது தேறாத காளைக்குப் பண்ணையில் இடமில்லை.

எழுபது எங்கே, நாலு எங்கே. சந்தையில்கூட அவனுக்கு நல்ல விலை கிடைத்திருக்காது. உடம்பிலும் கறி இல்லை.

"எங்க பண்ணையா இருந்தா என்னைய எப்பவோ லாரியில ஏத்தியிருப்பாங்க டாக்டர்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி செவ்வந்தி மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷமாகத் தஞ்சாவூருக்குப் போய்க் காட்டலாம் என்று கேட்டவள் அவள்தான். மேட்டூர் திறக்கட்டும் என்பான். திறந்தால், குறுவை முடியட்டும். அதுவும் முடிந்தால், குத்தகை நிலத்து வழக்கு முடியட்டும். நடுவில் ஆட்சிகூட மாறியது. வழக்கு அப்படியே நின்றது. ஊரில் வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இந்தத் தையில் அவளே போன் செய்து டோக்கன் போட்டுவிட்டாள்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாட்டுக் கணக்க இங்க கொண்டுவராதீங்க. மனுசனுக்கு நாலு இருந்தாலே போதும். அதுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் சிகிச்சையில பிள்ளை தங்குது. வடிவத்த மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

முருகையன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா செவ்வந்தி பக்கம் திரும்பினார். "உங்க வயசுதாம்மா யோசனையா இருக்கு. முப்பத்தொன்பது. பார்க்கலாம், வழி இல்லாம இல்ல. ஆனா ஏன் இவ்வளவு நாள் வரல?"

கல்யாணமான மூன்றாம் வருஷம், பண்ணையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், இரண்டு காளைகளின் கண்ணாடிகளுக்கு நடுவே தன்னுடையதையும் வைத்துப் பார்த்திருந்தான். அன்றைக்கும் நாலுதான். கண்ணாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், அன்று சாயங்காலம்தான் முதன்முதலாக மேட்டூரை இழுத்தான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

செவ்வந்தி முந்திக்கொண்டாள்.

"தண்ணி வரட்டும்னு இருந்துட்டோம்ங்க."