கடைசி அரை கிலோ

"இன்னும் அரை கிலோதான் குறையுது, தட்டை விட்டு எழுந்திருக்காதீங்க" என்று மனைவி மறுபடியும் பரிமாறினாள். மறுநாள் தீயணைப்புத் துறையின் உடல்தகுதித் தேர்வு. அதில் கோட்டை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, நோஞ்சான் உடம்பைத் தேத்தியாச்சா?"

"உடம்பு பரவாயில்லண்ணே. மாடிப்படியை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"படிக்கே பயந்தா நெருப்புக்குள்ள எப்படிப் போவே?" என்று சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

கணவன் கை கழுவிவிட்டு எடை மிஷினில் ஏறினான். முள் எழுபதைத் தொட்டது.

"அப்பாடா! தேர்வுல தூக்குற பொம்மையும் இதே எழுபதுதான்" என்ற மனைவி, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு குனிந்தாள். "பாரத்தை இடுப்புல வாங்கினா முதுகு போயிடும். முழங்காலை மடக்கி, தொடையில வாங்கணும்." சொல்லிக்கொண்டே கணவனை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதல்முறையாக, எங்கும் நிற்காமல் மூன்று மாடியும் தடதடவென்று இறங்கினாள்.

வாசலில் நின்ற அண்ணன் பதறினார். "ஐயோ தம்பி, என்னாச்சு?"

தலைகீழாகத் தொங்கியவன் கண்ணைத் திறக்கவில்லை. "பேச்சுக் கொடுக்காதீங்கண்ணே, நான் மயக்கத்துல இருக்கேன்."