மாத்திரையின் பெயர்

மாரிச்செல்வத்தின் கை போர்வையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

பவர் டேபிள் மெஷினில் உட்கார்ந்து பனியனுக்குக் கை தைக்கிற நினைப்பு அவருக்கு. கால் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியை மிதித்தது. பல்லை நறநறவென்று கடித்ததில் உதட்டோரம் ரத்தம்.

சட்டை முழுக்கப் பச்சையாக வாந்தி. நாற்றம் தாங்கவில்லை. கட்டிய புருஷன்தான், ஆனாலும் எனக்குக் குமட்டியது.

அதைவிடக் குமட்டியது பக்கத்தில் நின்ற சிவராஜைப் பார்க்கத்தான். எங்கள் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நெற்றியில் திருநீறு, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி முகம்.

காய்ச்சல் நூற்றைந்தைத் தாண்டிவிட்டது. அக்குளில் ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா எங்களிடம் வந்தார்.

"தூக்கம் வராம இருக்க எதையோ போட்டிருக்காரு. எந்த மாத்திரைன்னு தெரியாம மருந்து ஏத்த முடியாது. இந்தச் சூடு இப்படியே நின்னா மூளை தாங்காது."

"ரொம்ப நல்ல டெய்லருங்க. சனிக்கெழமையானா கொஞ்சம் தண்ணி போடுவாருங்க. மாத்திரையெல்லாம் நம்ம கம்பெனில கிடையாதுங்க" என்றார் சிவராஜ்.

ஒவ்வொரு பொய்க்கும் ஒரு 'ங்க'. அந்த மரியாதையைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஷிப்மெண்ட் வாரத்தில் எங்கள் லைனில் பாதிப் பேர் கண் சிமிட்டாமல் தைக்கிறார்களே, அது எதனால் என்று இவருக்குத் தெரியாதாம். மாத்திரையை அட்டை அட்டையாக டிராயரில் பூட்டி வைத்திருப்பவர் இவர்தான்.

டாக்டரம்மா வாந்தியைக் காட்டி, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

வல்லாரைத் துவையல் என்றேன். மூளைக்கு நல்லது என்று இரண்டு மாதமாகத் தினமும் அரைத்துக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

"ஏன், பரீட்சைக்குப் படிக்கிறாரா?"

அலுப்பில் கேட்டதுதான்.

அவர் மாரிச்செல்வத்தின் காதருகே குனிந்தார். மாத்திரையின் பெயர் என்ன என்று சத்தமாக மூன்று முறை கேட்டார்.

"நான் மாத்திரையே போட்டதில்ல மேடம். எம்புள்ள சத்தியமா."

டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். இந்த நிலையில் கிடந்துகொண்டு பெற்ற பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்தால் யாருக்குத்தான் அருவருப்பு வராது. நர்ஸ் வாய்விட்டே சொன்னாள், இவனுங்க திருந்த மாட்டானுங்க என்று.

சிவராஜ் என்னைப் பார்த்தார். நாளைக்கு உனக்கும் அங்கேதானே வேலை என்கிற பார்வை.

மாரிச்செல்வம் சொன்னது உண்மை. அந்த வார்டிலேயே அருவருக்க வேண்டிய ஆள் யார் என்று எனக்குத்தான் தெரியும்.

இடுப்பில் செருகியிருந்த அட்டையை உருவி டாக்டரம்மாவிடம் நீட்டினேன். பத்தில் நாலு மிச்சம் இருந்தது.

"அவுக மெஷின்ல தூங்கி விழுந்தா வேலைய விட்டு நிறுத்திருவேன்னு இந்த ஆளுதான் இதக் குடுத்தாரு. ரெண்டு மாசமா டீயில பொடிச்சுப் போட்டது நான். அவுகளுக்குத் தெரியாது."