பாகத்துக்குப் பாகம்

"இது வாலா, இறக்கையா? பார்த்துச் சொல்லு."

அந்த அம்மா இடுக்கியில் தூக்கிக் காட்டிய பிளாஸ்டிக் துண்டு விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அவள் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வால் மாதிரியும் இருந்தது, இறக்கை மாதிரியும் இருந்தது.

"வால்தானேம்மா?"

"ஏவுகணையோட இறக்கை. இத்தனை மாசமா வர்றே, இன்னும் உனக்குத் தலை எது, வால் எதுன்னு பிடிபடல. நீயெல்லாம் ஜெட் கட்டி, அது பறந்து..."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்த அம்மா அவளுக்கு வைத்த பெயர் கண்ணாடிக்காரி.

ஊரில் பாதிப் பேருக்குப் பல்செட் செய்துகொடுத்த கை அந்த அம்மாவுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தக் கை சும்மா இருக்குமா? குட்டிக் குட்டிப் போர் விமானங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டு மேஜை விமானத்தளமாகிவிட்டதால் சாப்பாடு மடியில்தான். பாகங்கள் பெட்டியில் வரும், ஒட்டிக் கட்ட வேண்டும். ஒரு கம்பெனிப் பெட்டியில் விமானத்தின் உடம்பு நன்றாக இருக்கும், சக்கரம் மகா மட்டமாக இருக்கும். இன்னொரு கம்பெனியில் சக்கரம் பிரமாதம், மூக்கு கோணல். அதனால் ஊரிலுள்ள விமானப் பைத்தியங்கள் தங்களுக்குள் பாகங்களை மாற்றிக்கொள்வார்கள். காசு பேசக் கூடாது, இனாமும் கூடாது. பாகத்துக்குப் பாகம். வெறுங்கையோடு அந்த மேஜைப் பக்கம் யாரும் வர முடியாது.

கண்ணாடிக்காரி ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு பாகத்தோடு வந்தாள். கொண்டுவந்தது அத்தனையும் இதே வீட்டுப் பரணிலிருந்து திருடியவை.

திருடிக் கொடுத்தவன் அந்த அம்மாவின் ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். தனக்கு ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்று அவன் சொன்னபோது, "உனக்கு ஒழுங்கா ஒரு செருப்பு வாங்கத் தெரியாது, பொண்டாட்டி பார்க்கத் தெரிஞ்சிருச்சா?" என்று போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டார். "நீ யாருன்னே தெரியாம அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்." யோசனை அவனுடையது. வாங்கிக் குவித்த பெட்டிகளில் பாதியைப் பிரித்தே பார்க்காதவருக்குக் கணக்கா தெரியப்போகிறது?

பிடித்தும் போயிற்று. அதுதான் இப்போது தொல்லை. மகனைவிட அம்மாவைத்தான் தனக்கு அதிகம் பிடிக்கிறதோ என்று கண்ணாடிக்காரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மை தெரிந்தால் கல்யாணம் போகும். கூடவே இந்த மேஜையும், இந்த நாற்காலியும், இந்தக் கிண்டலும் போகும்.

நேற்று அவன் ஃபோன் செய்திருந்தான். "பரண் காலி. இதுதான் கடைசி. இனிமே சொல்லித்தான் ஆகணும்."

அந்தக் கடைசிப் பாகத்தை, விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை, பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"அட! ஒரு கீறல் இல்லையே. எங்கே பிடிச்சே?"

"தெரிஞ்சவங்க வீட்டுலம்மா."

"நல்ல வீடு போலிருக்கு. போன வாரம் ஒருத்தர் விரிசல் விட்ட மூடியைப் புதுசுன்னு என் தலையில கட்டப் பார்த்தார். பொய்ப்பல்லு கட்டினவகிட்டயே பொய்யா? வாசலோட அனுப்பிட்டேன்."

கண்ணாடிக்காரி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சரி, பதிலுக்கு என்ன வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரிம்மா."

"இப்படியே இரு. ஊரே உன் தலையில மிளகாய் அரைக்கும்." நல்லதாகப் பார்த்து ஒரு ஜோடிச் சக்கரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "மூடியை நீயே ஒட்டு. கண்ணாடி உன் தொழில்தானே? என் பையன்கிட்ட கொடுத்தா லிஃப்ட் கதவுன்னு நினைச்சு அமுக்குவான்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைப் பொருத்தினாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"பலே! இனி பின்னாடி நெருப்பு கக்குற குழாய் ஒண்ணுதான் பாக்கி. இந்தப் பெட்டியில வந்தது படு மோசம். அடுத்த வாரம் ஒண்ணு பார்த்துக் கொண்டு வாயேன்."

அவ்வளவுதான். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது.

"அடுத்த வாரம் வர முடியாதும்மா."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"மாத்திக்க என்கிட்ட இனிமே ஒண்ணுமே இல்ல. அதில்லாம... உங்ககிட்ட ஒரு விஷயம் மறைச்சிட்டேன். சொன்னா என்னை இந்த வீட்டுக்குள்ளயே விட மாட்டீங்க." சக்கரங்களை மேஜைமேல் திருப்பி வைத்தாள். "இதை வாங்கிக்க எனக்கு யோக்கியதை இல்லம்மா."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சக்கரங்களை எடுத்து மறுபடி அவள் கையிலேயே திணித்தார்.

"ஒண்ணுமே இல்லைன்னு யாருடி சொன்னது? அந்தச் சோம்பேறி முன்வரிசையை மட்டும் பார்த்திருப்பான், பழைய ஃபேன் பெட்டிக்குப் பின்னாடி கையை விடச் சொல்லு. நீ வர்றது நின்னுடுமோன்னு பயந்து, பரண் குறையக் குறைய இத்தனை மாசமா நான்தானே வாங்கி நிரப்பிட்டிருக்கேன், மருமகளே!"